நீங்க ஓட்டுங்க, நான் இருக்கேன்

என் வீட்டுக்காரரின் வலது கால் சொன்ன பேச்சு கேட்காது. பேருந்தில் ஜன்னலோரம் சிவனே என்று உட்கார்ந்திருப்பார். முன்னால் யாராவது குறுக்கே வந்துவிட்டால் போதும், தரையை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். சினிமா பார்க்கப் போனால் திரையில் கார் துரத்தல் வரும்போதெல்லாம் முன் வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். தூக்கத்திலும் உண்டு. கல்யாணமான புதிதில் என் முழங்கால் நிறைய வாங்கியிருக்கிறது. கேட்டால், "பிரேக் புடிச்சேன்" என்பார், ஏதோ என் உயிரையே காப்பாற்றியதுபோல.

அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். ஊரில் எல்லோருக்கும் 'மாஸ்டர்'. பயிற்சிப் பள்ளி அவருடைய அண்ணனுடையது. மகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அந்த அண்ணனைப் பெரியப்பா என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பெரியப்பா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாருக்கு எப்போது வகுப்பு என்று சுவரிலிருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவார். இவர் வண்டியில் உட்காருவார். அதுவும் ஓட்டுகிற இடத்தில் இல்லை, பக்கத்தில். பயிற்சி வண்டிகளில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அங்கே ஸ்டீயரிங் கிடையாது, வேகம் கூட்ட வழி கிடையாது, நிறுத்த மட்டும்தான் முடியும். பாதி ஆயுசை அவர் அந்த ஒற்றை பிரேக்கின் மேல் கால் வைத்தபடியே கழித்தார்.

அந்தக் காலை என்னைப்போல அறிந்தவர்கள் கிடையாது. நானும் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள்தான்.

முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அவரையே பார்த்தபோது, "பயப்படாதீங்க. நீங்க ஓட்டுங்க, நான் இருக்கேன்" என்றார். வருகிற எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்கென்றே சொன்னார் என்று நினைத்து அன்று முழுக்கத் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஆனால் மனிதர் என் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார். கண் சாலையிலேயே இருக்கும். ஒருநாள் புதுத் தோடு போட்டுக்கொண்டு போனேன். வண்டி கிளம்பியதும் "கண்ணாடியப் பாருங்க" என்றார். வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சொன்னது பின்னால் வந்த லாரி தெரிகிற கண்ணாடியை.

அவர் என்னைப் பார்க்காததால் நான் அவர் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். வாய் யாரையும் பாராட்டாது, கால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதல் சில நாள் அது பிரேக்கை விட்டு அசையவே இல்லை. பிறகு பிரேக்குக்கு மேல், தொடாமல் நின்றது. பிறகு தரைக்கு வந்தது. ஒருநாள் நெரிசலான ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்பி நேராக்கிவிட்டுக் கீழே பார்த்தேன். காலை இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார். நான் தேறிவிட்டேன் என்று அப்போதே புரிந்தது. இந்த ரகசியம் அவரிடம் கற்றுக்கொண்ட வேறு யாருக்கும் தெரியாது, ஏன், அவருக்கே தெரியாது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஒரு கடைசி வகுப்பு இருக்கும். பூங்கா முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். "இனிமே தனியா போங்க. ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நான் இங்கதான் நிப்பேன்." பூங்காவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார். முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "வந்துட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். கட்டினால் இந்த மனிதரைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

அந்த முனையில் நிற்பது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. மகள் பள்ளி இறுதி வகுப்புக்கு வந்துவிட்ட வருடம், ஒரு விடுமுறை நாளில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"எல்லாரும் ஒரு சுத்து சுத்திட்டு அவங்கவங்க வழியப் பாத்துப் போயிடறாங்க. நான் மட்டும் முக்குலயே நிக்கிறேன்."

"நான் திரும்பி வந்தேன்ல?"

"நீ ஒருத்திதான் வந்தே."

"வந்து மாட்டிக்கிட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையில் மகளுடைய சட்டை, ஒரு பட்டனைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். படிப்பு முடித்ததும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாராம். வெறும் திரையில் நாலு வரி எழுதினார், ஒரு சின்ன வட்டம் பந்துபோல இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் முட்டி முட்டித் திரும்பியதாம். "ஒண்ணுமே இல்லாத எடம். நான் எழுதினேன், வந்துச்சு" என்று சொன்னபோது அவருடைய கண்ணில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குள் பெரியப்பாவின் பள்ளியில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "ஒரு மாசம் மட்டும் வந்து உக்காருடா" என்று பெரியப்பா கூப்பிட்டார். அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

மகள் தன் பழைய மடிக்கணினியை ஓரங்கட்டியபோது அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். காலையில் வகுப்புகள் தொடங்கும் முன்பும், மாணவர்கள் லைசென்ஸ் தேர்வுக்கு உள்ளே போன பிறகு வெளியே மரநிழல் பெஞ்சிலும் படிப்பார். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், வருகிறவர்களின் மூக்கையும் காதையும் அளந்து சட்டம் பொருத்துகிறவள். இவர் திரையைக் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளிவைத்துப் பார்ப்பதைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. தூரத்தையே பார்த்துப் பழகிய கண், கிட்டத்துக்கு இறங்க மாட்டேன் என்றது. திரைக்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்து கொண்டுவந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் இவ்ளோ கறுப்பா?" என்றார்.

ப்ரோகிராம் எழுதுவதிலும் அவருக்கு எல்லாம் வண்டிதான். ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி போட வேண்டுமாம். அதை ஹேண்ட் பிரேக் என்பார். திரும்பத் திரும்ப நடக்கிற வேலைக்கு ரவுண்டானா என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் காலையில் "சுண்டு, இங்க வா. ரவுண்டானாவுல மாட்டிக்கிட்டேன், வெளிய வர வழியக் காணோம்" என்று மகளைக் கூப்பிட்டார். அவளுடைய செல்லப் பெயர் சுண்டு. சுண்டுவிரல்போல இருந்த காலத்தில் வைத்தது, இப்போது அவள் என்னைவிட உயரம்.

"அப்பா, எங்கயுமே நில்லுன்னு நீ சொல்லல. அது பாட்டுக்குச் சுத்துது."

"நில்லுன்னு சொல்லவே மறந்துட்டேனா, நானா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு சிரித்தார். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு போகவில்லை.

பயிற்சிப் பள்ளிக்கென்றே ஒரு ப்ரோகிராம் எழுதினார். யாருக்கு எந்த நேரம் வகுப்பு, எந்த வண்டி என்று மாணவர்களே போனில் பார்த்துக்கொள்ளலாம். பெரியப்பாவிடம் காட்டி, "ஓடுதுண்ணா" என்றார்.

"எங்கடா ஓடுது? இங்கயேதான இருக்கு" என்றார் பெரியப்பா. "என் பலகைக்கு என்ன கொறச்சல்?"

பலகைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, யாராவது சாய்ந்தால் எல்லா வகுப்பும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இவர் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் தினமும் காலையில் அதைத் திறந்து ஓடுகிறதா என்று ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெரியப்பாவை நறுக்கென்று நாலு கேட்க வாய் துறுதுறுத்தது. இவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

பிறகு வேலைக்கு எழுதிப்போட ஆரம்பித்தார். முக்கால்வாசி இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. வந்தவையும் வருத்தம் தெரிவித்துத்தான் வந்தன. ஒரு நிறுவனம் மட்டும் அவருடைய வகுப்பு ப்ரோகிராமைப் பார்த்துவிட்டு, வீடியோவில் பேசலாம் என்று கூப்பிட்டது. எழுதுகிற வேலைதான். அவர் கேட்ட அதே வேலை.

என் விடுமுறை நாளிலேயே அது அமைந்தது. படுக்கையறையில்தான் வெளிச்சம் நன்றாக விழும் என்று மேசையை அங்கே இழுத்துப் போட்டோம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் போடுகிற பழைய கால்சட்டை, வெறுங்கால். கேமராவின் கண்ணில் படாதபடி நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவருடைய பக்கவாட்டு முகமும், மேசைக்கு அடியில் அந்தக் காலும் தெரிந்தன.

பேச வந்தது ஒரு இளம்பெண். தன்மையான குரல். "எங்க ஆபீஸ்ல ஜோடியா உக்காந்துதான் சார் எழுதுவோம். ஒருத்தர் டைப் பண்ணுவாங்க, இன்னொருத்தர் கூடவே பாத்துச் சொல்லுவாங்க. டைப் பண்றவங்கள டிரைவர்னு சொல்றது எங்க வழக்கம். இன்னிக்கும் அப்படியே ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிப் பாக்கலாம். நீங்க டிரைவ் பண்றீங்களா, இல்ல நான் பண்ணட்டுமா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. இத்தனை காலமும் காத்திருந்த இருக்கையைக் கதவைத் திறந்து காட்டி உட்காரச் சொல்கிறாள். இவர் யோசிக்கக்கூட இல்லை.

"நீங்க ஓட்டுங்க மேடம், நான் இருக்கேன்" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை அவரே கேட்டாரா என்று தெரியவில்லை. அந்தப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள், இவர் வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார். "பொறுமையா போங்க மேடம், அவசரமில்ல. அடுத்து ஒரு திருப்பம் வருது பாருங்க, யாருமே பேர் குடுக்கலன்னா என்ன ஆகும்?" அவள் ஏதோ ஒரு வரியைப் பாதி எழுதியபோது, மேசைக்கு அடியில் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"என்ன சத்தம் சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். அந்த வரிக்கு முன்னாடி ஒருதடவ பின்னால பாத்துக்கங்க."

பார்த்தாள். "ஐயோ, ஆமா" என்று சிரித்தாள். அதன் பிறகு அவளுக்குப் பயம் போய்விட்டது. நேர்காணல் நடத்த வந்தவளுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள், இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் கொஞ்ச நேரத்துக்கு மாணவர்களாகிவிடுவார்கள். வேலை முடிகிற நேரத்தில் நான் கீழே பார்த்தேன். கால் இழுபட்டு, நாற்காலிக்கு அடியில் மடங்கியிருந்தது.

அந்தப் பெண் தேறிவிட்டாள்.

திரை அணைந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாருக்கு இன்டர்வியூ? உங்களுக்கா, அந்தப் பொண்ணுக்கா? சாவிய உங்க கையில குடுத்தா, திருப்பி அவ கையிலயே குடுக்கறீங்களே! ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து தட்டினீங்களா நீங்க?"

கண்ணாடியைக் கழற்றி வெறும் விரல்களையே பார்த்தார். "வாயில வந்துருச்சும்மா" என்றார்.

இரண்டொரு நாளில் அந்தப் பெண்ணே போன் செய்தாள். எல்லோருக்கும் அவரை ரொம்பப் பிடித்துவிட்டதாம். எழுதுகிற வேலைக்கு அவருடைய கை எப்படி என்று பார்க்க முடியாமல் போய்விட்டது, ஆனால் இன்னொரு இடம் காலியாக இருக்கிறது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை, அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்றாள். வாரக் கடைசிக்குள் பதில் சொன்னால் போதும்.

சுண்டு குதித்தாள். பெரியப்பா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு வீட்டுக்கே வந்து, "சொல்லிக்குடுக்கற வேலையா? அது நம்ம கைவசம் இருக்கறதுதான்டா" என்று தனக்கும் பாதி பங்கு இருப்பதுபோலப் பேசிவிட்டுப் போனார். எனக்கும் மகிழ்ச்சிதான், பொய் சொல்வானேன். வெயிலில் வெந்த உடம்பு, ஏசி அறை, கழுத்தில் அடையாள அட்டை. கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

சாயங்காலம் பால்கனியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கீழே தெருவில் யாரோ காரை இடுக்கில் நிறுத்தப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு."

"மூஞ்சியப் பாத்தா தெரியலயே."

"மறுபடியும் பக்கத்து சீட்டுதான" என்றார்.

"ஏசி போட்ட பக்கத்து சீட்டு."

அதற்குச் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்தக் காரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரே ஒருதடவ நான் ஓட்டிப் பாக்கணும்மா. மோசமா ஓட்டினாலும் பரவால்ல. எங்கயாவது போய் முட்டினாலும் பரவால்ல. நான் எழுதினது, நான் முட்டினதுன்னு இருக்கணும்."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. நல்லது எது காதில் விழுந்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். "இந்த வயசுல கெடச்ச வேலைய எட்டி ஒதைக்கறதா? கூரையப் பிச்சுக்கிட்டு இன்னொண்ணு கொட்டப் போகுதா? கொஞ்ச நாள் சொல்லிக்குடுங்க. அப்பறமா அங்கயே மெதுவா எழுதற பக்கம் மாறிக்கலாம்."

"ஆமா. கொஞ்ச நாள்" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. அந்த மனிதருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. ஆனால் என் காதில் என் குரல் விழவில்லை, 'ஒரு மாசம் மட்டும் வந்து உக்காருடா' என்று பெரியப்பாவின் குரல்தான் விழுந்தது. பந்து சுவரில் முட்டித் திரும்பியதைச் சொன்ன அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். நான் ஆசைப்பட்டது அவனைத்தான். முனையில் நின்ற மாஸ்டரைக் கட்டிக்கொண்டேன், அவன் எப்போது வருவான் என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"போன் பண்ணுங்க" என்றேன். "இன்னொருதடவ டெஸ்ட் வைக்கச் சொல்லிக் கேளுங்க. இந்தத் தடவ நீங்கதான் ஓட்டறீங்கன்னு சொல்லுங்க."

திரும்பி என்னைப் பார்த்தார். போனை எடுக்கிறவரைக்கும் நான் அங்கிருந்து நகரவில்லை.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாளாம். பிறகு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். கேட்பதற்கு ஒரு தடையும் இல்லை, ஆனால் இரண்டு இடத்தையும் ஒரே ஆளுக்காகப் பிடித்துவைக்க முடியாது. கற்றுக்கொடுக்கிற வேலை வேண்டாம் என்றால் இன்றே அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். தேர்வில் சரிவரவில்லை என்றால் கையில் ஒன்றும் இருக்காது. பரவாயில்லையா? போனைக் கையால் பொத்திக்கொண்டு இவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன்.

"பரவால்ல மேடம்" என்றார்.

தேர்வு அன்று கடையில் அனுமதி கேட்டு மத்தியானமே வந்துவிட்டேன். அதே அறை, அதே சட்டை, அதே வெறுங்கால். நான் வெளியே போகத் திரும்பியபோது, "நீ பக்கத்துலயே இரு" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இந்தமுறை அந்தப் பெண்ணோடு இன்னொருவரும் இருந்தார். இருவரும் இவருடைய திரையைப் பார்க்கலாம், ஆனால் வாயே திறக்க மாட்டார்களாம்.

செய்ய வேண்டியதைச் சொன்னார்கள்.

அவர் ஒரு வரி தட்டினார். கால் தரையை மிதித்தது. வரியை அழித்தார். மறுபடி தட்டினார், பாதியிலேயே மிதி. அழித்தார். திரையில் எழுத்து வருவதும் போவதுமாக இருந்தது, கடைசியில் வெறும் வெள்ளைதான் மிஞ்சியது. காதோரம் வியர்த்து வழிந்தது. மற்றவர்கள் எழுதினால் எது தப்பு என்று பார்த்து நிறுத்துகிற மனிதர், தான் எழுதும்போது எழுதுவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டிருந்தார். வேகம் கூட்டும் வழியே இல்லாத இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு நிறுத்த மட்டுமே தெரிந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. எழுந்து போய் அந்தக் காலைப் பிடித்துக் கட்டிப்போடலாமா என்று இருந்தது.

அப்போது என் பக்கம் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக, முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது நான் பார்த்திருப்பேனே, அதே பார்வை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது. அதை அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன்.

"நீங்க ஓட்டுங்க. நான் இருக்கேன்."

கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பினார். தட்டினார். கால் மிதித்தது, ஆனால் இந்தமுறை கை நிற்கவில்லை. அடுத்த வரி. அதற்கும் அடுத்த வரி. கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது, கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் எழுதி முடித்து, ஓடவிட்டார்.

ஓடவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. முட்டிவிட்டது.

நான் கீழே பார்த்தேன். இப்போது ஓங்கி ஒரு மிதி விழும், தரையே அதிரும் என்று காத்திருந்தேன். கால் எழும்பியது. அந்தரத்தில் நின்றது. அவர் சிவப்பு எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. "அட, இங்க நில்லுன்னு சொல்லவே இல்ல பாரு" என்று முணுமுணுத்துச் சிரித்தார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான். எழும்பிய கால் தரைக்குத் திரும்பி வரவில்லை. மெதுவாகப் பின்னால் போய் நாற்காலிக்கு அடியில் மடங்கிக்கொண்டது.

இனி நான் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. சத்தமில்லாமல் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். தெருமுனை வரைக்கும் போய் நின்றேன்.

முனையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்ய ஒன்றுமே கிடையாது. நாம் இல்லாமல் அங்கே ஒன்று நடந்துகொண்டிருக்கும், நன்றாகவே நடந்துகொண்டிருக்கும், அதுதான் கஷ்டம். சலவைக்கடைக்காரர் என்னம்மா இங்கே என்று கேட்டார், சும்மா என்றேன். போகிற வண்டிகளை எல்லாம் பார்த்தேன். எத்தனை பேரை இப்படி அனுப்பிவிட்டு இந்த மனிதர் நின்றிருப்பார் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட வேண்டுமே என்று இருந்தது, வராமல் போய்க்கொண்டே இருந்தால்தான் என்ன என்றும் இருந்தது. அவர் போய் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவளும் நான்தான், நிற்க முடியாமல் தவித்தவளும் நான்தான்.

வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறிய பிறகு தெருவின் அந்தக் கோடியில் அவர் தெரிந்தார். இஸ்திரிச் சட்டை, பழைய கால்சட்டை, வெறுங்கால். செருப்புப் போடக்கூட மறந்திருக்கிறார். திரைக்கான கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது. ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார், இவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஒருநாளும் சாலையை விட்டுக் கண் எடுக்காதவர், சாலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிட்டே வந்ததும் என் வாயில் அதுதான் வந்தது.

"வந்துட்டீங்களா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று. முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"இப்பத்தான் கெளம்பறேன்" என்றார். "திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. ஓட்டற சீட்டுக்கு."